புற்றுநோய் வலிக்கு மோர்பின் எடுக்கும் அம்மாவுக்கு 5 நாளாக மலம் போகவில்லை

மோர்பினை நிறுத்தாதீர்கள். அதோடு மலமிளக்கி சேர வேண்டும், களுவாஞ்சிக்குடியில் வீட்டில் வைத்துப் பார்க்கும் உங்கள் அம்மாவுக்கு அதுதான் குறைகிறது போலிருக்கிறது.

மோர்பின் குடலின் அசைவை மந்தமாக்கும். மோர்பினால் வரும் தூக்கக் கலக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாளில் குறையும். மலச்சிக்கல் அப்படிக் குறையாது. பப்பாசியும் கீரையும் மட்டும் போதாது. பக்கத்து வீட்டார் சொன்ன இசப்கோல் (தண்ணீரில் ஊறி உப்பும் நார் உமி) வேண்டவே வேண்டாம், தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அது உள்ளே இறுகிவிடலாம்.

கிளினிக் கொப்பியைப் பாருங்கள். சென்னா, பிசகோடில், லக்டுலோஸ் என்ற மலமிளக்கிகளில் ஏதாவது எழுதியிருக்கிறதா? இருந்தும் 'தேவைப்பட்டால் கொடுப்போம்' என்று ஒதுக்கி வைக்கிற வீடுகள்தான் அதிகம். எழுதிய அளவில் தினமும் கொடுங்கள். சென்னா இரவு கொடுத்தால் காலையில் வேலை செய்யும், லக்டுலோசுக்கு இரண்டு நாள்கூட ஆகும். எழுதவில்லையென்றால் அடுத்த திகதி வரை காத்திருக்காமல் நாளைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் கேளுங்கள். 5 நாள் என்பதால் எப்படியும் ஒருமுறை காட்டுவது நல்லது.

இடையில் தண்ணீராகக் கசிந்தால் வயிற்றோட்டம் என்று மருந்து கொடுத்துவிடாதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றி வடிவதாக இருக்கலாம். கீமோ நடந்துகொண்டிருந்தால் வீட்டில் எனிமாவும் கூடாது.

வயிறு வீங்கி வாந்தி வந்தால் மலமிளக்கியும் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கால் தளர்ந்தாலோ மரத்தாலோ, சிறுநீரும் போகாவிட்டாலோ, புற்றுநோய் முள்ளந்தண்டு வடத்தை அழுத்துகிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள்.