கதவுமணி கேமராவும் பக்கத்து வீட்டுப் பேச்சும்

உங்கள் கதவுமணி கேமரா தம் பேச்சைப் பதிவதாகப் பக்கத்து வீட்டார் புகார் எழுதியிருந்தாலும், கேமராவைக் கழற்ற வேண்டியதில்லை. ஒலிப்பதிவை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள். இங்கிலாந்தில் அந்தப் புகாருக்கு அடிப்படை உண்டு. வீட்டு எல்லைக்குள் மட்டும் பதிந்தால் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உங்களைத் தொடாது. எல்லையைத் தாண்டிய படமும் குரலும் 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிடும்.

இத்தகைய கருவிகள் பலவற்றில் மைக் முன்கூட்டியே இயங்கும் நிலையில் வருவதும், லென்ஸைத் திருப்பினாலும் மைக்கின் எல்லை குறையாததும் அவர் பேச்சு பதிவாவதற்குக் காரணமாக இருக்கலாம். 2021 அக்டோபரில் ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றம் (உரிமையியல் வழக்குகளுக்கான கீழ்நிலை நீதிமன்றம்) இதே போன்ற ஒரு வழக்கில், படத்தைவிட ஒலிப்பதிவே அதிகச் சிக்கலானது என்றும், திருட்டைத் தடுக்க ஒலி தேவையில்லை என்றும் கருதியது.

ஒருவரை வேலியோரம் நின்று இயல்பான குரலில் பேசச் சொல்லி, பதிவை ஓட்டிக் கேளுங்கள். சொற்கள் புரிந்தால் பக்கத்து வீட்டார் சொல்வது சரிதான். அமைப்பில் மைக்கை அணைத்தபின் மறுபடியும் சோதியுங்கள். சில செயலிகளில் நேரலை ஒலிக்கும் பதிவு ஒலிக்கும் தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை: கவுண்டி நீதிமன்றத் தீர்ப்பு பிற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் பக்கத்து வீட்டார் தம்மைப் பற்றிய பதிவின் நகலை ஏற்கெனவே கேட்டிருந்தால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அதைத் தவிர்ப்பதற்காகப் பழைய பதிவுகளை அழிப்பது குற்றமாகும்.