வீட்டில் 10 குழந்தைகளுக்கு ஹாலோவீன் பார்ட்டி: தின்பண்டம், கைவேலை எல்லாம் எப்படித் திட்டமிடுவது?

ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார். அவர் தந்த விவரங்களை வைத்தே பதில் எழுதுகிறேன்: நியூ ஜெர்சியில் வீடு, 3 முதல் 11 வயது வரை 10 குழந்தைகள், கூட வரும் பெற்றோர் சுமார் 12 பேர், பாதிக் குடும்பங்கள் சைவம். 2026இல் அக்டோபர் 31 சனிக்கிழமை வருகிறது. அதனால் பிற்பகல் 3 மணிக்கே தொடங்கிவிடலாம். அன்று ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்துவிடும். இருட்டத் தொடங்கியதும் தெருவில் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்டு வாங்கக் கிளம்பினால் சரியாக இருக்கும்.

மெனுவுக்கு முன்னால் வரிசையை முடிவு செய்யுங்கள். முதலில் கைவேலை, அடுத்து சாப்பாடு, அப்புறம் வேஷம், கடைசியில்தான் மிட்டாய். மிட்டாய்க் கிண்ணம் கண்ணில் பட்டுவிட்டால் எந்தக் குழந்தையும் பிரஷ்ஷைத் தொடாது. வேஷம் போட்டுக்கொண்டே வந்தால் தொளதொள கைகள் பெயின்ட்டில் தோயும், முகமூடியோடு சாப்பிடவும் முடியாது. அதனால் அழைப்பு அனுப்பும்போதே சொல்லிவிடுங்கள்: சாதாரண உடையில் வரட்டும், காஸ்ட்யூமைப் பையில் எடுத்து வரட்டும், குழந்தைக்கு ஒன்று வீதம் கழுவிக் காயவைத்த காலி கேலன் பிளாஸ்டிக் பால் கேன் (பேய் விளக்கு செய்ய) கொண்டு வரட்டும். வேஷம் மாற்றுவது 5.15க்கு.

பரங்கிக்காய் செதுக்கும் வேலையைப் பார்ட்டியில் வைக்காதீர்கள். ஒரு காயைக் குடைந்து முடிக்கவே பெரியவர்களுக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும், 3 வயதுக் குழந்தை பக்கத்தில் நிற்கும்போது கத்தி எடுக்கவும் முடியாது. வாசலுக்கு வேண்டிய ஒன்றிரண்டை 29 அல்லது 30ஆம் தேதி நீங்களே செதுக்கி வையுங்கள். மேல்மூடியை நேராக வெட்டாமல் கத்தியை உள்பக்கம் சாய்த்து வெட்டினால்தான் மூடி உள்ளே விழாது. முகம் வரும் பக்கத்தின் சதையை ஓர் அங்குல கனம் நிற்கும்வரை சுரண்டுங்கள். அதைவிடக் கனமாக இருந்தால் சின்ன ரம்பம் திணறும், வெளிச்சமும் சரியாக வராது. வெட்டிய ஓரங்களில் வாஸ்லின் (பெட்ரோலியம் ஜெல்லி) தடவினால் காய்ந்து சுருங்குவது கொஞ்சம் தள்ளிப்போகும். உள்ளே மெழுகுவத்தி வேண்டாம், பேட்டரி எல்.இ.டி. விளக்கு போதும். இழுபடும் துணி வேஷங்களோடு குழந்தைகள் வாசலில் ஓடுவார்கள்.

உள்ளிருந்து எடுத்த விதைகளைத் தூக்கிப் போடாதீர்கள். நாரைக் கழுவி நீக்கி, துணியில் பரப்பி ஒரு ராத்திரி உலரவிடுங்கள். ஒரு கப் விதைக்கு 2 டீஸ்பூன் எண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள், ஒரு சிட்டிகை பெருங்காயம் சேர்த்துப் பிசறி, 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 20 நிமிடம் வறுங்கள். பாதியில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். கறிவேப்பிலையைக் கடைசி 5 நிமிடத்தில் போடுங்கள், முன்பே போட்டால் கருகிவிடும். ஈரம் போகாத விதை எவ்வளவு நேரம் வறுத்தாலும் ரப்பர் மாதிரியே இருக்கும். செதுக்குகிற பெரிய காயின் சதை நீர்த்து, நார் நாராக இருக்கும், குழம்புக்கு ஆகாது. சமைக்க வேண்டுமானால் பை பம்ப்கின் என்று விற்கிற சின்னக் காயை வாங்குங்கள்.

பார்ட்டியில் குழந்தைகள் செய்ய இரண்டு கைவேலை தாராளம். முதலாவது, கையில் அடங்கும் குட்டிப் பரங்கிக்காயில் வர்ணம் தீட்டுவது. இங்கேதான் பலருக்குச் சிக்கல் வரும். உடையில் பட்டால் போக வேண்டுமே என்று துவைத்தால் போகும் பெயின்ட் வாங்குவோம். அது வழவழப்பான தோலில் ஒட்டாமல் முத்து முத்தாகத் திரளும், காய்ந்ததும் உதிரும். அக்ரிலிக் பெயின்ட் நன்றாக ஒட்டும், ஆனால் சட்டையில் பட்டால் போகவே போகாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. முந்தின நாளே காய்களை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, வெள்ளை அக்ரிலிக்கில் ஒரு பூச்சு அடித்து வையுங்கள். அதன் மேல் துவைத்தால் போகும் பெயின்ட் நன்றாகவே பிடிக்கும். பத்தோடு இரண்டு காய் கூடுதலாக வாங்குங்கள், ஒன்றாவது கீழே விழுந்து காம்பு உடையும். ஒரு காயை நீலப்பச்சையில் தீட்டி வாசலில் வைத்தால், உணவு ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு இங்கே தின்பண்டம் அல்லாத பரிசும் கிடைக்கும் என்று அர்த்தம். ஒவ்வாமை அமைப்பான ஃபேர் 2014இல் அமெரிக்கா முழுக்கக் கொண்டுவந்த பழக்கம் இது. அந்தக் காயை வைத்தால் ஸ்டிக்கர், பென்சில் மாதிரி ஏதாவது தனிக் கிண்ணத்தில் வைத்திருங்கள்.

இரண்டாவது, பால் கேன் பேய் விளக்கு. அதிகச் செலவு இல்லாதது, 3 வயதுக்கும் 11 வயதுக்கும் ஒன்றுபோலப் பிடிக்கும். கைப்பிடி இல்லாத பக்கத்தில் கறுப்பு அழியா மை மார்க்கரால் முகம் வரைய வேண்டும். கேனில் துளி ஈரம் இருந்தாலும் மார்க்கர் பிடிக்காது, லேபிள் பசை இருந்தாலும் அப்படித்தான். சமையல் எண்ணெய் தடவி ஊறவைத்தால் பசை வந்துவிடும், பிறகு சோப்பால் எண்ணெயைக் கழுவுங்கள். பின்பக்கம் அடியோரமாக ஓட்டை போடும் வேலை பெரியவர்களுடையது, அதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அந்த ஓட்டை வழியாகப் பேட்டரி சரவிளக்கை உள்ளே திணிக்கலாம். ஒவ்வொரு கேனிலும் இரண்டு கை மணலோ கூழாங்கல்லோ போட்டால்தான் காற்றுக்கு உருளாது. பத்துக் கேனையும் நடைபாதை ஓரம் வரிசையாக வைத்து, கிளம்பும் முன் எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் போடுங்கள். குழந்தைகள் கத்தும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும்!

பலூன் மேல் மெல்லிய வலைத்துணி போட்டு, சோளமாவு (கார்ன்ஸ்டார்ச்) கஞ்சியில் விறைக்க வைக்கும் பேய் பொம்மையையும் நிறையப் பேர் பரிந்துரைப்பார்கள். பார்க்க அழகுதான், ஆனால் காய ஒரு ராத்திரி ஆகும். குழந்தைகள் வீட்டுக்குப் போகும்போது கையில் ஈரத்துணிதான் இருக்கும். அதை நீங்களே முதல் நாள் செய்து அலங்காரமாகத் தொங்கவிடுங்கள். இரண்டு கப் தண்ணீருக்கு 2 டேபிள்ஸ்பூன் சோளமாவு போதும்.

சாப்பாடு 4.30க்கு. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் வழியில் மிட்டாய் தின்பது தானாகவே குறையும். முக்கியமான பதார்த்தம் பனீர் மம்மி: மாவு நாடா சுற்றிய பனீர் குச்சி, துணி சுற்றிய எகிப்து மம்மி மாதிரி தெரியும். 400 கிராம் பனீரை 3 அங்குல நீளம், அரை அங்குல கனமுள்ள குச்சிகளாக வெட்டினால் சுமார் 30 வரும். உப்பு, மிளகாய்த்தூள், கரம் மசாலா பிரட்டி, ஈரம் வற்றும்வரை கல்லில் வாட்டி, நன்றாக ஆறவிடுங்கள். வாட்டாமல் சுற்றினால் பனீர் விடும் தண்ணீரில் அடிப்பக்க மாவு நசநசத்துப்போகும். சூட்டோடு சுற்றினால் மாவிலுள்ள கொழுப்பு உருகி, அடுக்கு எழும்பாது. கடையில் உறைந்த நிலையில் விற்கிற பஃப் பேஸ்ட்ரி ஒரு பெட்டி, அதாவது இரண்டு தாள், போதும். 40 நிமிடம் வெளியே வைத்து இளகியதும் கால் அங்குல நாடாக்களாக வெட்டி, குச்சிக்கு இரண்டு மூன்று நாடா வீதம் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். கண் வைக்க ஒரு முனையில் இடைவெளி விட வேண்டும். 400 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 15 முதல் 18 நிமிடம் வேகட்டும். வெந்து ஆறியதும் கிரீம் சீஸ் இரண்டு பொட்டு, பொட்டுக்கு ஒரு கருஞ்சீரகம், கண் தயார். முந்தின நாளே சுற்றி ஃபிரிட்ஜில் வைத்து, அன்று வேகவைத்தால் போதும்.

அடுத்து சிலந்திவலை டிப். கறுப்பு பீன்ஸ் டிப்பை அகலத் தட்டில் பரப்பி, ஜிப் பையின் மூலையைச் சின்னதாக வெட்டி, சவர் கிரீமால் (புளிப்பான கெட்டிக் கிரீம்) ஒன்றுக்குள் ஒன்றாக நாலு வட்டம் போடுங்கள். பல்குச்சியை நடுவில் வைத்து வெளிப்பக்கம் இழுங்கள், எட்டுத் திசையிலும். ஒவ்வொரு இழுப்புக்கும் குச்சியைத் துடைக்காவிட்டால் வலை அழுக்காகிவிடும். அதற்குப் பதில் வீட்டுத் தயிர் போட்டால் நீர்த்து ஓடும், தயிர்தான் வேண்டுமென்றால் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரைப் போடுங்கள். அதே சவர் கிரீமால் பெரியவர்களின் தக்காளி சூப்பிலும் வலை போட்டுவிடலாம், தனி மெனு தேவையில்லை.

பழத்துக்கு, தோலுரித்த மாண்டரின் ஆரஞ்சின் நடுவில் ஒரு துண்டு செலரி செருகினால் குட்டிப் பரங்கிக்காய். பாதியாக வெட்டிய வாழைப்பழத்தில் சாக்லேட் சிப் கண் வைத்தால் பேய். வாழைப்பழம் சீக்கிரம் கறுக்கும், பரிமாறும் நேரத்தில் வெட்டி எலுமிச்சைச் சாறு தொட்டு வையுங்கள். குடிக்க, பாஸ்டுரைஸ் செய்த ஆப்பிள் சைடர் (ஆல்கஹால் இல்லாத ஆப்பிள் சாறு) ஒரு கேலன், ஜிஞ்சர் ஏல் (இஞ்சி சோடா) 2 லிட்டர். அதில் மிதக்கவிடும் ஐஸ் கைக்கு, பவுடர் இல்லாத வினைல் கையுறையைக் கழுவித் தண்ணீர் நிரப்பிக் கட்டி, தட்டில் படுக்கவைத்து 24 மணி நேரம் உறையவிடுங்கள். பலூன் மாதிரி உப்பும்வரை நிரப்பாதீர்கள். உறைந்ததும் கையுறையை உருவினால் விரல் உடையும், சில விநாடி தண்ணீரில் காட்டி, கத்தரியால் வெட்டி எடுங்கள். லேடெக்ஸ் கையுறை சிலருக்கு ஒவ்வாது. உலர் ஐஸ் புகையையும் தவிர்த்துவிடுங்கள், மைனஸ் 78 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியுள்ள பொருளைச் சின்னப் பிள்ளைகள் கைக்கெட்டும் இடத்தில் வைக்கக் கூடாது.

சைவக் குடும்பங்களுக்காக ஒன்றைக் கவனியுங்கள். மார்ஷ்மெல்லோ, கம்மி என்கிற மெல்லும் ஜெல்லி மிட்டாய், கேண்டி கார்ன் என்கிற சோள மணி வடிவ மிட்டாய் ஆகிய பெரும்பாலானவற்றில் ஜெலட்டின் இருக்கும், அது விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. பழத்திலிருந்து எடுக்கும் பெக்டின் என்று போட்ட கம்மியாகப் பார்த்து வாங்குங்கள். பாப்கார்ன், கடினமான மிட்டாய், கொட்டைகள், முழுத் திராட்சை ஆகியவை 4 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குத் தொண்டையில் சிக்கும். திராட்சையை நீளவாக்கில் நாலாக வெட்டித்தான் தர வேண்டும்.

நடுவில் 10 நிமிடம் கிடைத்தால், ஜோடிக்கு ஒரு டாய்லெட் பேப்பர் ரோல் கொடுத்து மம்மி சுற்றும் போட்டி வையுங்கள், முகத்தைச் சுற்றக் கூடாது. பெரிய பிள்ளைகளுக்கு, துணி மூடிய கிண்ணத்தில் கையைவிட்டு என்னவென்று கண்டுபிடிக்கும் விளையாட்டு. குடலுக்கு எண்ணெய் தடவிய இடியாப்பம், கண்ணுக்கு டின்னில் வரும் லிச்சி. ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முதலிலேயே கிண்ணத்தைத் திறந்து காட்டிவிடுங்கள், பயந்து அழுதுவிட்டால் அன்று மாலை முழுக்க அந்தக் குழந்தை அம்மா மடியைவிட்டு இறங்காது.

தெருவிலிருந்து திரும்பியதும் மிட்டாய்ப் பைகளை ஒரு மேசையில் கொட்டி, பெற்றோர் பார்த்துப் பிரிக்கட்டும்: கொட்டை உள்ளது தனி, ஜெலட்டின் உள்ளது தனி, உறை பிரிந்தது குப்பைக்கு. வேண்டாதவற்றைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளப் பிள்ளைகளுக்குக் கால் மணி நேரம் விடுங்கள்.