அப்பா ஏன் காரை விட்டு இறங்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 47. 1990-ல் பன்னிரண்டு வயதில் மாமாவோடு கனடா வந்தேன். இப்போது டொரொன்டோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் இருக்கிறோம். ஆறு வருடமாக வைனில் ஈடுபாடு. வெளிநாட்டுப் போத்தல்களைத் தேடுவதில்லை. மாதம் ஒருமுறை நயாகராப் பக்கத்து வைனரிகளுக்குப் போய், ருசி பார்த்து, பிடித்ததில் இரண்டு வாங்கி வருவேன். ரீஸ்லிங்கும் கபர்னே பிராங்கும் என் விருப்பம். வெறிக்குக் குடிப்பவன் அல்ல. மனைவியோ "பேர்தான் வேறை, குடி குடிதான்" என்கிறார். திரும்பும்போது அவர்தான் கார் ஓட்டுவார், அதனால் கோபம் இன்னும் கூட. ஊரில் வைன் பழக்கமே இல்லாததால் எங்கள் ஆட்களுக்கு இது விளங்குவதில்லை. அப்பா யாழ்ப்பாணத்து உரும்பிராயில் கிரேப்ஸ் தோட்டம் வைத்திருந்தவர், 95 போர் இடப்பெயர்வோடு விட்டுவிட்டு வந்தவர். அவருக்கே ஆர்வம் இல்லை. ஜூனில் கூட்டிக்கொண்டு போனேன். நாங்கள் ருசி பார்த்துவிட்டு வெளியே வர, கொடி ஓரம் நின்று இலையைப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் என்று கூட்டி வந்துவிட்டேன். செப்டெம்பரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காரிலேயே இருந்துவிட்டார். இப்போது வரவே மாட்டன் என்கிறார். வயசு போனால் அப்படித்தான். இது குடியல்ல, ரசனை என்று மனைவிக்கு எப்படி விளங்கவைப்பது? அடுத்த வருடம் பிரான்சின் போர்டோவுக்குப் போகவும் ஆசை.

பதில்:

தம்பி, இந்தக் கடிதம் எனக்கு மாதம் ஒன்றாவது வரும். போத்தல்தான் மாறும். ஒருவர் விஸ்கியை "சும்மா சோஷலுக்கு" என்பார், இன்னொருவர் பியரைத் தண்ணீர்க் கணக்கில் எழுதுவார், நீங்கள் ரசனை என்கிறீர்கள். என்னிடம் ஒரு நற்சான்றிதழ் வாங்கி மனைவியிடம் நீட்டலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஆறு வருடமாகத் திரும்பும் வழியில் ஸ்டியரிங் பிடிப்பவர் அவர். உங்கள் கிளாசில் ரீஸ்லிங், அவர் கிளாசில் தண்ணீர். அடுத்த மாதம் நீங்கள் ஓட்டுங்கள், அவர் ருசிக்கட்டும். அதில் அவருக்கு விருப்பமில்லையென்றால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது என்று அவர் சொல்லட்டும். உங்கள் கேள்விக்கு விடை இவ்வளவுதான்.

கடிதத்தை மூடி வைத்துவிட்டு நான் மறுபடி எடுத்தது நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு வரிகளுக்காக. இலையைப் பிரட்டிப் பார்த்தாராம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருந்தாராம். "வயசு போனால் அப்படித்தான்" என்று மூன்று சொல்லில் மனுசனைக் கட்டி மூலையில் வைத்துவிட்டீர்கள்.

ஒரு கொடியின் இலையை யார் பிரட்டிப் பார்ப்பார்கள்? பூங்காவுக்குப் போனவர்கள் பழத்தைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள். இலையின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறவர் தோட்டக்காரர். மேலே எண்ணெய் சொட்டியது போல மஞ்சள் பொட்டு, அடியில் வெள்ளையாய்ப் பூஞ்சணம். இந்த நோய் வந்துவிட்டதா என்று அவர்கள் பார்ப்பது இப்படித்தான். நான் வளர்ந்த நீர்வேலியில் எங்கள் பக்கத்துக் காணிக்காரர் விடியக் காலமையில் பந்தலுக்குக் கீழே கழுத்தை அண்ணாந்தபடி இதைத்தான் செய்துகொண்டு நிற்பார். ஒரு இலையில் கண்டுவிட்டால் போதும், அன்றைக்கு வாளியில் துருசும் (செப்பு சல்பேட்) சுண்ணாம்பும் கரையும், பிள்ளைகள் எல்லாரும் வேலிக்கு அங்காலே. அவருடைய சாரம் முழுக்க நீலத் திட்டு. அந்தக் கலவைக்கு அவர் சொன்ன பெயர் என்ன தெரியுமா? போர்டோக் கலவை.

ஆம், நீங்கள் பயணம் போக ஆசைப்படுகிற அதே போர்டோதான். 1880-களில் இந்த நோய் பிரான்சின் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, போர்டோப் பக்கத்தில் மிலார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் ஒன்றைக் கவனித்தார். வழிப்போக்கர்கள் பழம் பிடுங்காமல் இருக்கத் தெருவோரக் கொடிகளுக்கு மட்டும் துருசும் சுண்ணாம்பும் தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகள் நோயில்லாமல் நின்றன. 1885-ல் அவர் அதை வெளியிட்டார், உலகமெல்லாம் பரவியது, யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. நீங்கள் போர்டோ என்ற பெயரை ஒரு போத்தலின் லேபலில் படிப்பதற்கு எத்தனையோ வருடம் முன்னரே உங்கள் அப்பா அதைக் கையால் கரைத்திருப்பார். அவரை "வெயில், வாங்கோ" என்று இழுத்து வந்திருக்கிறீர்கள். ஐந்து நிமிடம் பக்கத்தில் போய் நின்று "என்னப்பா பார்க்கிறியள்?" என்று கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. உள்ளே ருசிக்கூடத்தில், யாரோ ஒரு இளம் பிள்ளை சொன்ன மண் வகையையெல்லாம் தலையாட்டிக் கேட்டிருப்பீர்கள்.

மண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நயாகராவின் பீம்ஸ்வில் மேட்டு வைனரிகளுக்குப் போகிறவர்கள் எல்லாரும் சுண்ணாம்புக்கல் என்ற சொல்லோடுதான் திரும்புவார்கள். (கல்லின் ருசி உண்மையிலேயே வைனில் இறங்குமா என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். அது கிடக்கட்டும்.) யாழ்ப்பாணக் குடாநாடே ஒரு சுண்ணாம்புக்கல் பாறைதான். உரும்பிராயின் செம்பாட்டு மண் அதன் மேல்தான் கிடக்கிறது. கிணறு வெட்டினவர்களைக் கேளுங்கள்.

ஊரில் வைன் பழக்கமே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்துக் கத்தோலிக்கத் துறவிகள் யார்? 1928-ல் தொடங்கிய சபை. பூசைக்கு வைன் செய்தவர்கள், அதே கையால் நெல்லிக்காயில் நெல்லிரசமும் செய்தார்கள். சைவ வீடுகளிலும் அந்த நெல்லிரசப் போத்தல் இருந்தது, எங்கள் வீட்டிலும் இருந்தது. பெருநாளுக்குப் பெருநாள் சொட்டு வைனைத் தவிர வேறெதையும் தொடாத கத்தோலிக்கக் கிழவிகளை எனக்குத் தெரியும். நீங்கள் பன்னிரண்டு வயதில் வந்துவிட்டீர்கள், சரி. ஆனால் பன்னிரண்டு வயது என்பது பந்தலை மறக்கிற வயது இல்லை.

இனிச் செப்டெம்பர்.

பழம் நிறம் மாறத் தொடங்கியதும் நயாகராத் தோட்டங்களில் பறவைகளை விரட்டுகிற வேலை தொடங்கும். அதை அலட்சியமாக எடுக்க முடியாது. 1983-ல் இனிஸ்கில்லின் வைனரியில் முதல் ஐஸ்வைனுக்காக (பழம் உறைந்த பிறகு பறித்துச் செய்வது) கொடியிலேயே விட்டிருந்த பழத்தைப் பறவைகள் தின்று தீர்த்துவிட்டன. அடுத்த வருடம் வலை கட்டித்தான் செய்து முடித்தார்கள். வலை கட்டுவார்கள், பருந்துக் குரலை ஒலிபெருக்கியில் விடுவார்கள். அதோடு காஸ் பீரங்கி. புரொப்பேன் காசில் ஓடுகிற குழாய், சில நிமிடத்துக்கு ஒருமுறை தானாக வெடிக்கும். நானும் ஒருமுறை செப்டெம்பரில் அந்தப் பக்கம் போய், கையில் இருந்த தேத்தண்ணியைச் சட்டையில் ஊற்றியவள்தான். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூனில் அந்தச் சத்தம் இல்லை. ஜூனில் உங்கள் அப்பா இறங்கினார், நடந்தார், இலையைப் பார்த்தார். செப்டெம்பரில் கண்ணாடியை ஏற்றினார். 90-க்கும் 95-க்கும் இடையில் உரும்பிராயில் அவர் கேட்ட போர்ச் சத்தங்களை நீங்கள் கேட்கவில்லை. அந்த ஐந்து வருடமும் நீங்கள் இங்கே பள்ளிக்கூடத்தில். அது உங்கள் பிழை இல்லை. உங்களை அனுப்பி வைத்ததே அவர்தானே. ஆனால் அப்படி அனுப்பி வைத்தவர் காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இருக்க, நீங்கள் உள்ளே கபர்னே பிராங்கில் குடைமிளகாய் வாசம் இருக்கிறதா என்று கிளாசைச் சுழற்றிக்கொண்டு நின்றீர்கள். அந்த வெடி என்ன என்று ருசிக்கூடத்தில் நீங்கள் கேட்டிருக்கலாம், அவர்களும் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம். காருக்கு வந்து யாராவது அவருக்குச் சொன்னார்களா?

என் கட்சி பழைய கட்சி, அதை மறைக்கவும் மாட்டேன். தகப்பனைக் கூட்டிக்கொண்டு போனால் தகப்பனோடு நிற்க வேண்டும். அவரைப் பின் சீற்றில் ஏற்றி இறக்கிவிட்டு "கூட்டிக்கொண்டு போனேன்" என்று கணக்கெழுதக் கூடாது. என்னைக் கேட்டால், மனைவி பல்லைக் கடிப்பதற்கும் இதில் பங்கு உண்டு. மாமனார் காரில் தனியே இருந்ததை அவரும்தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதலில் இன்றைக்கு அவரிடம் போய்ச் சொல்லுங்கள்: "அப்பா, அண்டைக்குக் கேட்டது குருவி கலைக்கிற காஸ் வெடி." அவ்வளவு போதும். பயந்தீங்களா என்று கேட்க வேண்டாம், அழவைக்க வேண்டாம். அவர் "ஓ" என்றுவிட்டு டிவி பார்த்தால் விட்டுவிடுங்கள்.

பிறகு மார்ச் வரட்டும். ஐஸ்வைன் பழமெல்லாம் பறித்து முடிந்திருக்கும், குருவிக்கு அங்கே வேலை இல்லை, வெடியும் இல்லை. கொடி இலையில்லாமல் வெறும் கட்டையாக நிற்கும், ஆட்கள் வரிசை வரிசையாகக் கிளை வெட்டிக்கொண்டு நிற்பார்கள். வழக்கமாகப் போகிற வைனரிக்கு முன்கூட்டியே போன் எடுத்து, எங்கள் அப்பா கொடி வளர்த்தவர், வெட்டுவதைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். சிறிய தோட்டக்காரர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் கிடையாது. வெட்டினால்தான் அது திரும்பத் துளிர்க்கும், அதனால் வருடத்தில் இரண்டு முறை பழம். இங்கே பனி வந்து உறங்க வைக்கிறது, ஒரே அறுவடை. கிளையில் எத்தனை முளைக்கண் விட்டு வெட்டுகிறார்கள் என்று அவர் பார்ப்பார், பார்த்துவிட்டு ஏதாவது பிழை சொல்லுவார். சொல்லட்டும். அன்றைக்கு நீங்கள் ருசிக்கூடத்துக்குள் போக வேண்டாம்.

"கிரேப்ஸ்" என்று அவரிடம் சொல்லாதீர்கள். முந்திரிகை என்று சொல்லுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மார்ச்சில் அங்கே சேறு கணுக்கால் அளவுக்கு இருக்கும், அவருக்கு அளவான ரப்பர் சப்பாத்து ஒன்று இப்போதே வாங்கி வையுங்கள்.