யார் காசில், எந்தக் கேள்விக்கு விடை? ஆர்.சி.டி. பற்றிக் கேள்வி பதில்

சீட்டுக் குலுக்கி ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் புதுச் சிகிச்சையோ திட்டமோ கொடுத்து, மற்ற குழுவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் ஆர்.சி.டி. இந்தச் சோதனைகளுக்குக் கணக்குப் போடும் புள்ளியியல்காரி நான். வந்த கேள்விகளில் சில இங்கே.

பள்ளி ஆசிரியை: நல்லது என்று தெரிந்த திட்டத்தைப் பாதிப் பள்ளிகளுக்குக் கொடுக்காமல் வைப்பது பாவமில்லையா மேடம்?

"தெரிந்த" என்கிறீர்களே, அதில்தான் சிக்கல். மாரடைப்பு வந்தவர்களின் இதயத்துடிப்பைச் சீராக்க மாத்திரை கொடுத்தால் பிழைப்பார்கள் என்று டாக்டர்கள் நம்பிக்கொடுத்தார்கள். 1989இல் அமெரிக்கச் சோதனை ஒன்று காட்டியது: அந்த வகை மருந்துகளில் இரண்டைச் சாப்பிட்டவர்கள்தான், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அதிகம் இறந்தார்கள்.

எல்லாருக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க எப்படியும் பணம் இருக்காது. யாருக்கு முதலில் என்பதைச் சிபாரிசு முடிவு செய்வதைவிடக் குலுக்கல் முடிவு செய்வது மேல். மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய ப்ரோக்ரெசா உதவித்தொகைத் திட்டத்தில் ஆய்வுக்கு எடுத்த 506 கிராமங்களில் 320க்கு முதலில் கிடைத்தது. மீதி 186க்குப் பிறகு.

ஆராய்ச்சி மாணவர்: 40 பள்ளி, பள்ளிக்கு 200 பிள்ளைகள், மொத்தம் 8,000 பேர். தாராளம்தானே?

இல்லை தம்பி. பள்ளி பள்ளியாகத்தானே குலுக்குகிறீர்கள்? ஒரே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே வாத்தியார், ஒரே சூழல். மதிப்பெண்ணும் ஒரு ஜாடையாகவே இருக்கும். அந்த ஒற்றுமையை 0 முதல் 1 வரை அளப்போம்; 0.1 என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு 200 பேரில் ஒன்றைக் கழித்து வரும் 199ஐ 0.1ஆல் பெருக்கி 1 கூட்டினால் 20.9. அதால் 8,000ஐ வகுத்தால் சுமார் 380. தனித்தனியாகக் குலுக்கிய 380 பேரிடம் என்ன தெரியுமோ அவ்வளவுதான் உங்கள் 8,000 பேரிடமும் தெரியும். கூடுதல் காசு கிடைத்தால் பள்ளிகளைக் கூட்டுங்கள். பள்ளிக்கு 50 பிள்ளைகள் போதும்.

மருந்து கம்பெனி பணம் போட்ட ஆய்வை நம்பலாமா?

தரவையே மாற்றிவிடுவார்கள் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறு இரண்டு: எதோடு ஒப்பிட்டார்கள், எதை அளப்போம் என்று முன்கூட்டியே பதிவு செய்தார்களா. சோப்ளாங்கி மருந்தோடு மோதவிட்டால் எந்த மருந்தும் ஜெயிக்கும். முன்பே பதிவு செய்யாவிட்டால், பலவற்றை அளந்துவிட்டு நன்றாக வந்ததை மட்டும் காட்டலாம்.

இரண்டாவது விஷயம் அரசுப் பணத்துக்கும் பொருந்தும். அமெரிக்க அரசின் இதய, நுரையீரல், ரத்த ஆராய்ச்சி நிறுவனம் பணம் கொடுத்த பெரிய சோதனைகளை 2015இல் ஒரு கட்டுரை அலசியது. 2000க்கு முன் வெளியானவை 30. 17இல் பலன் தெரிந்தது. அதன் பிறகு 25. பலன் தெரிந்தது 2இல் மட்டும். இடையில் முக்கியமாக மாறியது, எதை அளப்போம் என்று முதலிலேயே பதிவு செய்யும் கட்டாயம். காசு கொடுத்தவர் யார் என்பதை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது.

அப்படியானால் பணம் எங்கேதான் விளையாடுகிறது?

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதில். விலையுயர்ந்த ஒன்று தேவையில்லை என்று நிரூபிக்க எந்த வியாபாரி காசு போடுவான்? 1950களில் சென்னையில் காசநோயாளிகளைக் குலுக்கிப் பிரித்து, சிலரைக் காசநோய் மருத்துவமனையான சானடோரியத்திலும் சிலரை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் ஓய்வும் சாப்பாடும் மேல். ஆனாலும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. பின்னணியில் இருந்தவை அரசுகளும் உலக சுகாதார நிறுவனமும். 2020இல் ஆக்சிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளுக்கு டெக்சாமெதாசோன் உதவும் என்று காட்டிய பிரிட்டிஷ் ரெக்கவரி சோதனையும் பொதுப்பணத்தில்தான் நடந்தது. சல்லிசான பழைய மருந்து அது. அதைச் சோதித்துப் பார்ப்பதில் மருந்து கம்பெனிகளுக்குப் பெரிய லாபம் இருந்திருக்காது.

ஆர்.சி.டி. இல்லாமல் எதையுமே நம்பக்கூடாதா?

அப்படியில்லை. புகைபிடித்தால் புற்றுநோய் வரும் என்பதை யாரும் குலுக்கிப் பார்த்து நிரூபிக்கவில்லை. ஆனாலும் நம்புகிறோமே.

தொண்டு நிறுவன ஊழியர்: எங்கள் திட்டத்தில் பலன் பூஜ்யம் என்று வந்தால் நிதி நின்றுவிடுமே?

நிற்கலாம், மழுப்ப மாட்டேன். ஆனால் பூஜ்யத்துக்கு உள்ளேயும் விஷயம் இருக்கும். கென்யாவில் பள்ளிகளுக்குப் பாடநூல் கொடுத்துப் பார்த்தபோது சராசரி மதிப்பெண் உயரவில்லை. பிரித்துப் பார்த்தால், ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டும் முன்னேறியிருந்தார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பலருக்கு அது மூன்றாவது மொழி. ஆகவே, முடிவு எதுவானாலும் வெளியிடுவோம் என்ற வரியை நிதி ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கு முன்பே சேர்த்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு கேட்டால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள்.