டைம்அவுட் ஆனபோது பணம் போனதா, போகவில்லையா?

கேள்வி: எங்கள் ஆர்டர் சர்வீஸ், பேமென்ட் சர்வீஸை ஜிஆர்பிசி (gRPC, ஆயத்தமாகக் கிடைக்கும் ஓர் ஆர்பிசி ஃபிரேம்வொர்க்) வழியாக அழைக்கிறது. டைம்அவுட் ஆனால் ரீட்ரை செய்யும், அதாவது மறுபடியும் அழைக்கும். சில வாடிக்கையாளர்களிடம் இரண்டு முறை பணம் பிடித்துவிடுகிறது. நாங்களே ஓர் ஆர்பிசி (RPC, வேறு கணினியில் உள்ள செயல்பாட்டை நெட்வொர்க் வழியாக அழைக்கும் முறை) ஃபிரேம்வொர்க் எழுதினால் இது தீருமா?

பதில்: தீராது. நீங்கள் எழுதப்போவதிலும் இதே சிக்கல் வரும். டைம்அவுட் என்றால் பதில் வரவில்லை, அவ்வளவுதான். கோரிக்கையே போய்ச் சேராமல் இருந்திருக்கலாம். பணம் பிடித்த பிறகு பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அழைத்தவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஆர்பிசியைக் கட்டிய ஆண்ட்ரூ பிரெல்லும் புரூஸ் நெல்சனும் 1984-இலேயே இதை ஒளிக்காமல் எழுதிவிட்டார்கள்: பதில் திரும்பினால் வேலை ஒரே ஒருமுறை நடந்திருக்கிறது, பிழை வந்தால் ஒருமுறை நடந்திருக்கலாம், நடக்காமலும் போயிருக்கலாம்.

ஆகவே, ஒரே கோரிக்கை இரண்டாம் முறை வந்தால் பேமென்ட் சர்வீஸுக்கு அடையாளம் தெரிய வேண்டும். ஒவ்வொரு கட்டண முயற்சிக்கும் ஆர்டர் சர்வீஸ் ஒரு தனி எண்ணை உருவாக்கி, அழைப்பதற்கு முன்பே தன் டேட்டாபேஸில் எழுதி வைக்கட்டும். ரீட்ரையிலும் அதே எண்தான் போக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: ரீட்ரை லூப்புக்குள்ளேயே எண்ணை உருவாக்கிவிடுவார்கள், ஒவ்வொரு முயற்சியும் புதுக் கோரிக்கையாகிவிடும். பேமென்ட் பக்கம் டேட்டாபேஸில் அந்த எண்ணுக்கு யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் (ஒரே எண் இரண்டு முறை பதிவாகாமல் தடுக்கும் விதி) வையுங்கள். முதலில் பார்த்துவிட்டு அப்புறம் எழுதுவது போதாது. இரண்டு கோரிக்கைகள் ஒரே நொடியில் வந்தால் இரண்டுமே 'இல்லை' என்று பார்த்துவிடும். எண் ஏற்கெனவே இருந்தால் பழைய பதிலையே திருப்பி அனுப்புங்கள். அதே எண்ணில் வேறு தொகை வந்தால் மறுத்துவிடுங்கள். உண்மையில் பணத்தைப் பிடிக்கும் வெளி நிறுவனமான பேமென்ட் கேட்வேக்கும் இதே எண்ணைக் கொடுங்கள். ஸ்ட்ரைப் போன்றவை இதை ஏற்கின்றன.

அடுத்தது டெட்லைன், அதாவது பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு. ஜிஆர்பிசி தானாக டெட்லைன் வைக்காது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். டெட்லைன் முடிந்து அழைப்பு ரத்தானாலும், சர்வரில் ஓடும் உங்கள் நிரல் அதைக் கவனித்து நிறுத்தாவிட்டால் வேலை அதுபாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். ஒரு சர்வீஸ் இன்னொன்றை அழைக்க, அது மற்றொன்றை அழைக்கும் வரிசையில், ரீட்ரையை ஒரே அடுக்கில் வையுங்கள். மூன்று அடுக்குகள் தலா 3 முறை முயன்றால் கடைசி சர்வீஸுக்கு 27 அழைப்புகள் போகும். ஏற்கெனவே திணறுகிற சர்வர் அதில் படுத்துவிடும்.

கற்பதற்காக ஒரு சிறிய ஆர்பிசி எழுதிப் பாருங்கள், சந்தோஷமாகச் சொல்வேன். கணினிகளுக்கிடையே தரவைக் கொண்டுபோகும் டிசிபி (TCP) வெறும் பைட் ஓட்டம்தான், செய்தி எங்கே முடிகிறது என்பதை நாமே குறிக்க வேண்டும் என்பது அப்போதுதான் கைக்குப் புரியும். பணம் ஓடும் பாதையில் மட்டும் ஜிஆர்பிசியே இருக்கட்டும்.