சங்கீதம் படிக்காதவர் எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

கேள்வி: கொழும்பில் வேலை பார்க்கிறேன். சங்கீதம் படித்ததில்லை. கர்நாடகக் கச்சேரி கேட்க ஆசை இருக்கிறது, ஆனால் போய் உட்கார்ந்தால் ஒன்றும் விளங்குவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் 72 மேளகர்த்தா (தாய்) ராகங்களையும் படித்துவிட்டு வாருங்கள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதை இப்போதைக்கு விடுங்கள். பாடப் போகிறவருக்கு அது வேண்டும். உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு ராகம். என்னைக் கேட்டால் மோகனம். ஒரு மாதத்துக்கு அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

நான் மேடையேறிப் பாடுகிறவள் இல்லை. சின்ன வயதில் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகள் சில எழுதினேன், பிறகு வேலை, குடும்பம் என்று ஆகிவிட்டது. ஆனால் கேட்பதை விடவில்லை. வித்துவான்கள் யாராவது இதை வாசித்தால், தோடியும் பைரவியும் இருக்க மோகனத்தையா சொல்கிறாய் என்று கேட்பார்கள். தோடியின் கமகங்களை, அதாவது சுரங்களை அசைத்துக் குழைக்கிற நெளிவுகளை, முதல் நாளே ஒருவரின் காதில் கொட்டினால் அவர் மறுநாள் வரமாட்டார் என்பது என் அனுபவம்.

மோகனத்தில் ஐந்தே சுரங்கள்: ச, ரி, க, ப, த. ம இல்லை, நி இல்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் அதே ஐந்து. உங்கள் போனில் பியானோ ஆப் ஒன்றைப் போடுங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மூன்று மூன்றாகவும் இருக்கும். மூன்று சேர்ந்திருக்கிற இடத்தில் முதல் கறுப்பை ‘ச’ என்று வைத்துக்கொண்டு, வெள்ளையைத் தொடாமல் மேலே போய்க் கீழே வாருங்கள். அதுதான் மோகனத்தின் சுரங்கள். பாடும்போது வருகிற அசைவும் குழைவும் கட்டையில் வராது, ஆனால் ராகத்தின் முகம் பிடிபட்டுவிடும்.

அப்புறம் ‘அக்னி நட்சத்திரம்’ படத்தில் வருகிற ‘நின்னுக்கோரி வர்ணம்’ பாட்டைக் கேளுங்கள். சினிமாப் பாட்டில் தொடங்கச் சொல்கிறாளே என்று சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். அந்தப் பாட்டு முடிந்ததும், அது எதை நினைத்து அப்படித் தொடங்குகிறதோ அந்த ‘நின்னுக்கோரி’ மோகன வர்ணத்தையே (வர்ணம் என்பது கச்சேரியின் தொடக்கத்தில் பாடுகிற உருப்படி) தேடிக் கேளுங்கள். கடைசியாகத் தியாகராஜ சுவாமிகளின் ‘நனு பாலிம்ப’. தெலுங்கு தெரியாவிட்டால் பல்லவியின் கருத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: என்னைக் காக்க நீ நடந்தே வந்தாயோ, என் உயிரின் நாதனே என்று இராமனைக் கேட்கிறார். அது தெரிந்தால் அந்த ஒரே வரியை ஏன் பத்து விதமாகப் பாடுகிறார்கள் என்பது தானாக விளங்கும்.

சைவக் குடும்பத்தில் வளர்ந்தவரானால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோயிலில் பஞ்சபுராணம் ஓதும்போது வருகிற திருவாசகத்தை ஓதுவார்கள் மோகனத்தில்தான் பாடுவார்கள். அதாவது இந்த ராகம் சின்ன வயதிலிருந்தே உங்கள் காதில் இருக்கிறது, பெயர்தான் தெரியாது.

மோகனம் என்று நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் என்னோடு வேலை செய்கிற ஒரு சிங்களச் சினேகிதி. சங்கீதம் கேட்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை அவளுக்கு. வெள்ளவத்தையில் ஒரு கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் அரை மணி நேரம் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தாள். பிறகு பாடகி மோகனத்தில் ஆலாபனையை, அதாவது பாட்டுக்கு முன் சொல்லில்லாமல் ராகத்தை விரிப்பதை, தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் என் கையைப் பிடித்து இழுத்து, “அக்கே, இது பூபாலி இல்லையா?” என்றாள். அவர்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற இசை வட இந்திய வழியில் வந்தது. அங்கே பூபாலி, இங்கே மோகனம், சுரங்கள் அதே ஐந்து. ஓம் என்றேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதுவரை அந்நியமாக இருந்த மேடை அவளுக்குச் சொந்தமாகிவிட்டது.

பாடகி அந்த நேரத்திலேயே சுரங்களைக் கோத்துப் பாடுகிற கல்பனாசுரம் வந்தபோது, அதை வயலின் திருப்பிச் சொல்வதைத் தானே கண்டுபிடித்தாள். அப்புறம் தாளம் கேட்டாள். ஆதி தாளத்தை அவளுடைய முழங்காலிலேயே போட்டுக் காட்டினேன்: ஒரு தட்டு, சின்னவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. எட்டு. இரண்டு மூன்று ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) தடுமாறினாள், பிறகு பிடித்துக்கொண்டாள். மிருதங்கம் தனியே வாசிக்கிற தனி ஆவர்த்தனம் முழுவதும் உதட்டை அசைத்துக்கொண்டே எண்ணினாள். கடைசிக் கோர்வையை, அந்த முடிப்புத் தாளக்கட்டை, மிருதங்கம் மூன்று முறை வாசித்து இறங்க, பாடகி சரியாக ‘நனு பாலிம்ப’ என்று எடுத்தார். சினேகிதி சத்தமாகவே “ஆ!” என்றாள்.

பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா குனிந்து, தாளம் தெரியாதவர்கள் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும் என்றார். அந்த அம்மா என்ன சொன்னார் என்று சினேகிதி என்னிடம் கேட்டாள். நான் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மண்டபத்தில் பாதிப் பேர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் தேநீர் குடிக்கப் போயிருந்தார்கள். மூச்சு விடாமல் எண்ணிக்கொண்டிருந்த ஒருத்தியை அதட்டுவதற்கு மட்டும் ஆள் இருந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வாயில் வருகிறது, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். நம் ஊர் அரங்கேற்றங்களில் நடுவில் உரைகள் வைக்கிறார்களே, அதை யாராவது நிறுத்த வேண்டும். பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், வாழ்த்துரை, பொன்னாடை, மறுபடி ஒரு பொன்னாடை. பாடும் பிள்ளை வர்ணம் பாடித் தொண்டையைச் சூடாக்கி, ஒரு கிருதியில் நன்றாக ஊன்றியிருக்கும். அந்த நேரம் பார்த்து முக்கால் மணி நேரம் அதை மேடையில் சும்மா உட்கார்த்தி வைப்பார்கள். திரும்பப் பாடத் தொடங்கும்போது குரல் ஆறிப்போயிருக்கும், சனம் சாப்பாட்டுக்கு எழும்பியிருக்கும். வருடக்கணக்காகப் படித்த பிள்ளைக்குச் செய்கிற அநியாயம் இது. பேசத்தான் வேண்டுமென்றால் தொடக்கத்திலேயே பேசி முடியுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலோ பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலோ கச்சேரி இருந்தால் போங்கள். மிருதங்கக்காரரின் கைகள் தெரிகிற பக்கமாக உட்காருங்கள். முழுக் கச்சேரியும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் தனி ஆவர்த்தனத்துக்கு எழும்பாதீர்கள்.

மண்டபம் கூச்சமாக இருந்தால் கோயில் திருவிழாவுக்குப் போங்கள். சுவாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் மல்லாரி வாசிப்பார்கள், கம்பீரநாட்டை ராகம். தவிலுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி பிறந்த மண்ணின் தவில் அது, அதைக் கேட்க யாரும் உங்களிடம் பரீட்சை வைக்கப் போவதில்லை. பல நாதஸ்வர, தவில் கலைஞர்கள் சேர்ந்து வாசிக்கிற மேளச் சமாவும் இருந்தால் கடைசி வரை நின்று கேளுங்கள்.

மோகனம் எங்கே கேட்டாலும் பிடிபடுகிறது என்றானதும் கல்யாணிக்குப் போங்கள். அதில் ஏழு சுரமும் உண்டு. என் சினேகிதி இப்போது அதில்தான் நிற்கிறாள். வட இந்திய வழியில் கல்யாணிக்கு நேரான யமன் ராகம் அவளுக்குத் தெரியும் என்பதால் என்னைவிட வேகமாகப் பிடிக்கிறாள்.