கடுகும் காட்டத்தியும்: சீட்டில் வந்த கேள்விகள்

போன ஞாயிறு பினாங்கு ஜார்ஜ் டவுனில் எங்கள் தமிழ்ச் சபையில் கடுகு விதை உவமை வாசிக்கப்பட்டது. ஒருவன் எல்லா விதைகளிலும் சின்னதான கடுகு விதையை நிலத்தில் விதைக்கிறான், அது பெரிதாக வளர்ந்து பறவைகள் வந்து அடைகின்றன. பரலோக ராஜ்யம் அப்படிப்பட்டது என்கிறார் இயேசு. ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது சீட்டில் எழுதிக் கொடுத்தவர்களுக்கு என் பதில்கள்.

ஐயா, ஆர்க்கிட் விதை கடுகைவிடச் சின்னது என்று என் மகன் வாதாடுகிறான். அப்படியானால் இயேசு சொன்னது தப்பா?

தம்பி சொல்வது சரிதான், ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். ஆனால் இயேசு பேசியது கலிலேயா விவசாயியிடம். அவன் கையால் விதைத்தவற்றில் சின்னது கடுகு. 'கடுகளவுகூட இரக்கமில்லை' என்று நாமும்தான் சொல்கிறோம், யார் அளந்து பார்த்தோம்?

கடுகு எப்படி மரமாகும்?

ஆகாது. சுவிசேஷம் எழுதியவர்களில் மாற்கு அதைப் பூண்டு, அதாவது செடி, என்றே சொல்கிறார், லூக்காதான் பெரிய மரம் என்கிறார். அங்கே வளரும் கருங்கடுகு 3 மீட்டர் வரைகூடப் போகும். நாம் மார்க்கெட்டில் வாங்கும் சாவி என்ற கடுகுக் கீரையும் அதே குடும்பம்தான், அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு 3 மீட்டர் மரம்தான். இன்னொன்று: எசேக்கியேல் 17இல் தேவன் நடும் கேதுரு என்ற உயர்ந்த மரத்தின் நிழலில் பறவைகள் தங்கும். கேட்டவர்களும் கேதுருவைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். இயேசு கொடுத்தது தோட்டத்துச் செடி. எனக்கு இந்த உவமையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கடுகளவு விசுவாசம் போதும் என்கிறார்கள். என் கணவருக்காக மூன்று வருஷமாக ஜெபிக்கிறேன், சுகமாகவில்லை. என் விசுவாசம் கடுகளவுகூட இல்லையா, ஐயா?

அம்மா, யாரோ உங்களிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கேட்பது வேறொரு வசனம், இந்த உவமை அல்ல. பிரசங்கத்தில் இரண்டையும் சேர்த்துக் குழப்பிவிடுகிறோம். லூக்கா 17ஐ எடுத்துப் பாருங்கள். ஒரு நாளில் ஏழு தரம் குற்றம் செய்தவன் ஏழு தரமும் மனஸ்தாபப்பட்டு வந்தால் மன்னிக்க வேண்டும் என்கிறார் இயேசு. சீஷர்கள் மலைத்துப்போய், எங்கள் விசுவாசத்தைப் பெருகச் செய்யும் என்று கேட்கிறார்கள். அவர் பெருக்கித் தரவில்லை. கடுகளவு இருந்தாலே காட்டத்தி மரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு போகும் என்கிறார். அதாவது அவர்கள் கேட்டது அளவை, அவர் பேசியது அளவைப் பற்றியே அல்ல. விதை சின்னதாக இருந்தாலும் அதில் உயிர் இருக்கிறது. மூன்று வருஷம் விடாமல் ஜெபிக்கிறவருக்கு விசுவாசம் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? உங்கள் கணவர் ஏன் இன்னும் சுகமாகவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறோம், சேர்ந்து ஜெபிப்போம்.

புளித்த மாவு வேறு இடங்களில் பாவத்துக்கு அடையாளம்தானே?

ஆமாம், பரிசேயரின் புளித்த மா என்று எச்சரித்தவரும் அவரே. ஆனால் கடுகு உவமைக்கு அடுத்து வரும் மத்தேயு 13:33இல், ஒரு பெண் மாவில் சேர்க்கும் புளித்த மாவை ராஜ்யத்துக்கே ஒப்பிடுகிறார். தோசை மாவு அரைக்கிறவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பழைய மாவு ஒரு கரண்டி சேர்த்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தப் பெண் பிசைந்தது மூன்று படி மா. ஆதியாகமம் 18இல் சாராள் விருந்தாளிகளுக்கு எடுத்த அதே அளவு, ஒரு குடும்பத்துக்கு ரொம்ப அதிகம்.

சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லித் தரலாம், அண்ணா?

கப்பில் ஈரப் பஞ்சு வைத்துக் கடுகைத் தூவச் சொல்லுங்கள், இரண்டு மூன்று நாளில் முளைக்கும். போன வருஷம் என் வகுப்பில் ஒரு பெண் வேர் வந்ததா என்று மணிக்கொரு தரம் எடுத்துப் பார்த்தே அதைக் கொன்றுவிட்டாள். அன்றைக்கு மாற்கு 4:27ஐத்தான் வாசித்தேன்: விதைத்தவன் தூங்கி எழுகிறான், விதை அவனுக்குத் தெரியாமலே முளைக்கிறது. அப்புறம், கடையில் முழுக் கடுகாகப் பார்த்து வாங்குங்கள். ஊறுகாய்க்கு உடைத்து வைத்திருப்பது முளைக்காது.